தெளிவாகத் தெரிகிறவர்கள்

பிப்ரவரி 11, திங்கள்

மதுரை கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தோம். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இருட்டிவிட்டது. இவருக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம். வலது கண் அநேகமாகப் போய்விட்டது. இடது கண்ணில் ஊசி போட்டிருக்கிறார்கள். இருப்பதைக் காப்பாற்றத்தான் அது, போனது திரும்பாது. நடுவில் ஒன்றும் தெரியாது, சுற்றி ஓரங்கள் தெரியும் என்றார் டாக்டரம்மா.

“அப்ப ஆளு நிப்பான், மூஞ்சி இருக்காது. அப்படித்தான?” என்று கேட்டார் இவர்.

“அப்படித்தான்யா.”

எழுந்திருப்பார் என்று பார்த்தால் எழுந்திருக்கவில்லை. எனக்கே தெரியாத ஒன்றை டாக்டரம்மாவிடம் சொன்னார். “இல்லாத ஆளெல்லாம் தெரியுதும்மா. தலப்பா கட்டுன குள்ள மனுஷங்க வரிசையாப் போறாங்க. சொவத்துல பூ டிசைன் ஓடுது. கிறுக்குப் புடிச்சிருச்சா எனக்கு?”

டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னார். கண் படம் அனுப்பாத இடத்தில் மூளை சும்மா இருக்காதாம், அதுவே ஒரு படம் போட்டு நிரப்பிவிடுமாம். நிறையப் பேருக்கு இருக்கிறது, வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்றார். “அவங்க பேச மாட்டாங்க, தொட மாட்டாங்க. தொந்தரவா இருந்தா கண்ண இடம் வலமா வேகமா ஆட்டுங்க, லைட்டப் போடுங்க. போயிருவாங்க.” பிறகு என் பையில் துருத்திக்கொண்டிருந்த கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, “எழுதுற பழக்கம் இருக்குபோல. இவரு என்னென்ன பாக்குறாருன்னு அதுல எழுதிட்டு வாங்கம்மா” என்றார்.

ஆகவே எழுதுகிறேன். முன்பக்கம் வீட்டுக் கணக்கு, பின்பக்கம் இது. முப்பத்தைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கணக்கு நோட்டை இவர் வாங்கிப் படித்து, தவறாமல் ஒரு தப்பு கண்டுபிடிப்பார். இனிமேல் படிக்க மாட்டார். இதை எழுதும்போதே ஏதோ திருட்டு வேலை செய்வதுபோல இருக்கிறது.

பிப்ரவரி 13, புதன்

காலையில் தலைப்பாகைக்காரர்கள். மத்தியானம் சுவரெல்லாம் தாமரைப்பூ.

“மங்கலாத்தான தெரியும்?” என்று கேட்டேன்.

“அதான் கொடுமை. உன் மூஞ்சி எனக்கு அழிஞ்ச தாளு மாதிரி இருக்கு. நேத்து தெய்வானை வந்தாளே, சேலை தெரிஞ்சது, கழுத்துக்கு மேல ஒண்ணுமில்ல. ஆனா இந்தக் குள்ளப் பயலுக தலப்பா மடிப்பு வரைக்கும் தெரியுது. நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு கச்சிதமா உக்காந்திருக்கு. என் மிஷின்லகூட அப்படி ரிஜிஸ்டர் வந்ததில்ல.”

இவர் ஆப்செட் மிஷினில் சாமி காலண்டர் அடித்தவர். மஞ்சள் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் மிஷினை நிறுத்திவிடுவார்.

நிஜ ஆட்களுக்கு முகம் இல்லை, பொய் ஆட்களுக்கு இருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தெய்வானை மதினி, யாரோ வந்து ஏறியிருக்கிறார்கள், குறி கேட்க வேண்டும் என்கிறாள். வேண்டாம் என்றேன். ஒரு ஏற்பாடு மட்டும் செய்திருக்கிறோம். யார் வந்தாலும் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும். குரல் இல்லாமல் வருவது ஆள் இல்லை என்று இவர் வைத்துக்கொள்வார். மதினி இன்று, “அண்ணாச்சி, நான் தெய்வானை, நெசமான தெய்வானை வந்திருக்கேன்” என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள். இவர் சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 19, செவ்வாய்

மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். வெள்ளியில் ஒரு ஜோடிக் கண். கூட்டம், திரும்ப நேரமாகிவிட்டது.

“செவ்வாக்கிழமைன்னா உங்க அம்மன் உன்னச் சீக்கிரம் விடமாட்டாளே” என்றார் இவர்.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

சமையலறை அலமாரியைக் கழுவி, புதுத் தாள் விரித்தேன். விரித்ததைவிட அதில் இருந்ததைப் படித்த நேரம்தான் அதிகம்.

நான் எட்டாவதோடு நின்றவள். அதற்குமேல் படித்ததெல்லாம் இவர் அச்சாபீசிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த வேஸ்ட் தாளில்தான். மிஷின் ஓட ஆரம்பித்து மை சரியாக விழும்வரை கழிகிற தாள்கள். ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். மடித்து வெட்டினால்தான் வரிசை வரும் என்பதால், இரண்டு பக்கம் இருக்கும், அடுத்த இரண்டு இருக்காது. பாதி தலைகீழாக இருக்கும். தேனீ வளர்ப்பு, சர்க்கரை வியாதி, பாண்டியர் காலத்துக் கண்மாய், எல்லாமே இப்படிப் படித்ததுதான். என் படிப்பில் இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை ஓட்டை உண்டு.

இன்று விரித்த தாளில் ஒரு கட்டுரை. பரிணாமம் உண்மையைக் காட்டும் கண்ணை வளர்க்கிறதா என்று தலைப்பு. உயிர்களின் கண்ணைத் தலைமுறை தலைமுறையாக வடித்தது பிழைப்புதான் என்கிறது. எந்தக் கண் வைத்திருந்தது பிழைத்துக் குஞ்சு பொரித்ததோ அந்தக் கண் தங்கிவிட்டது. பிழைக்க வைக்கிற கண் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. தட்டான்பூச்சி தண்ணீரைத் தண்ணீராகப் பார்ப்பதில்லையாம். பளபளப்பைப் பார்க்கிறது. பூமியில் பளபளத்ததெல்லாம் தண்ணீராக இருந்தவரை அது போதும். இப்போது நிறுத்தி வைத்த காரின் மேல் முட்டையிடுகிறது. காய்ந்துபோகிறது.

அதற்குப் பிறகு இரண்டு பக்கம் இல்லை. அப்புறம் மறுப்பு வருகிறது. கிளை எவ்வளவு தூரம் என்று தப்பாகப் பார்த்துத் தாவிய குரங்குக்குப் பேரன் பேத்தி கிடையாது, அதனால் கண் முழுப்பொய்யாக இருக்க முடியாது என்று. கடைசிப் பக்கம், “அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி” என்று முடிகிறது. அந்தக் கேள்வி வேறொரு தாளில் இருக்கும். கட்டு முழுவதும் பிரித்துத் தேடினேன். மீதித் தாள்களெல்லாம் பட்டாசுப் பெட்டி லேபிள்.

கண் அம்மன் கொடுத்தது என்று நினைக்கிறவள் நான். குரங்கிலிருந்து வந்தோம் என்றால் வந்துவிட்டுப் போகிறோம், அப்படி வரவழைத்தவளும் அவளாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளதைக் காட்டாத கண்ணை அவள் ஏன் கொடுக்க வேண்டும்?

இவருக்குப் படித்துக் காட்டினேன்.

“நான் மட்டும் என்ன பண்ணினேன்? நாலு கலர்ல புள்ளி வச்சேன். தள்ளி நின்னு பாத்தா முருகன். லென்ஸ வச்சுப் பாத்தா வெறும் புள்ளி.”

“ரெண்டுல எது நெசம்?”

“கும்புடுறவன் லென்ஸ் வச்சுக்கிட்டா கும்புடுறான்? போய்க் காப்பியப் போடு.”

மார்ச் 1, வெள்ளி

தலைப்பாகைக்காரர்கள் வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, “ஒரு பிள்ள நிக்குது” என்றார்.

“எங்க?”

“அடுப்படி நெலைகிட்ட.”

நான் அங்கேதான் நின்றிருந்தேன். கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டேன்.

“என்ன உடுத்தியிருக்கு?”

“பச்சத் தாவணி. கையில டிபன் கேரியர். தலைக்குக் குளிச்சு நுனி முடிச்சு போட்டிருக்கு.”

மார்ச் 2, சனி

நேற்று எழுதியதற்கு மேல் நேற்று எழுத முடியவில்லை.

லீவு நாட்களில் இவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனது பொற்கொடி. எங்கள் ஒரே பிள்ளை. பச்சைத் தாவணி நான் எடுத்துக் கொடுத்தது. பதினொரு வருஷமாக இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்வதில்லை. கூட வேலைபார்த்த வாத்தியாரை, வேறு ஜாதிப் பையனை, அவளாகக் கல்யாணம் செய்துகொண்டாள். உறவின்முறைப் பெரியவர்கள் நாலு பேர் இதே கூடத்தில் உட்கார்ந்து கேட்டபோது, “எனக்குப் பிள்ளையே இல்ல” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் இவர். சொன்ன சொல்லை எடுக்கத் தெரியாத மனுஷர். அவள் இருப்பது விருதுநகரில்தான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

நேற்று அது யார் என்று இவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

பால் வாங்கப் போனேன். சீனியம்மா வீட்டுப் பசு போட்ட கன்று போன மாசம் செத்துவிட்டது. அதன் தோலுக்குள் வைக்கோல் அடைத்து, நாலு குச்சி நட்டு, பசுவின் முகத்துக்கு நேரே நிறுத்தியிருக்கிறாள். பசு அதை நக்கிக்கொண்டே பால் விடுகிறது.

“பாவமில்லையா சீனியம்மா, இப்படி ஏமாத்துறது?” என்றேன்.

“யாரு ஏமாறுதா? அதுக்கு நல்லாத் தெரியும்க்கா. மோந்து பாத்தா வைக்கோல்னு தெரியாதாக்கும்? நக்குறதுக்கு ஒண்ணு வேணும்ல அதுக்கு.”

பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் கோயில். ஒருவரைப் பார்த்துப் பேசியதில் நேரமாகிவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

அந்தப் பிள்ளை தினமும் வருகிறது. தினமும் கேட்கிறேன், தினமும் சொல்கிறார். ஒருநாள் வளையல் போட்டிருக்கிறது என்றார். ஒருநாள் காதில் ஜிமிக்கி. தீபாவளிக்கு இவரே வாங்கி வந்த ஜிமிக்கி அது. “அது கொஞ்சம் ஆடுதா?” என்று கேட்டேன். “ஆடுது” என்றார்.

எனக்கு நல்ல கண் இருந்து என்ன புண்ணியம். அந்த அடுப்படி நிலைவாசலை எவ்வளவு நேரம் பார்த்தாலும் நிலைவாசல்தான் தெரிகிறது.

ஒன்று கவனித்தேன். வெளிச்சம் வந்தால் அவர்கள் போய்விடுவார்கள் என்று டாக்டரம்மா சொன்னார் அல்லவா. பொழுது சாய்ந்தபின் இவர் டியூப் லைட்டைப் போடச் சொல்வதில்லை. “கரண்ட் பில்லு ஏறுது” என்கிறார். கரண்ட் பில்லை இவர் எந்தக் காலத்தில் பார்த்தார்? விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டை இருட்டாக வைத்தால் லட்சுமி வாசலோடு போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும். பூஜை அறையில் மட்டும் விளக்கேற்றி, கதவை ஒருச்சாய்த்துவிட்டு வந்து, கூடத்துத் தரையில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு பேரும் இருட்டில் இருந்தோம்.

மார்ச் 18, திங்கள்

மதுரை. இரண்டாவது ஊசி. நான் எழுதியதை டாக்டரம்மா வாங்கிப் படித்தார். பச்சைத் தாவணி வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். நாளாக நாளாக மூளை பழகிவிடும், இந்தக் காட்சிகள் குறைந்து நின்றுவிடும் என்றார். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார்.

வருகிற வழியெல்லாம் இவர் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 22, வெள்ளி

இன்று வரவில்லை.

மார்ச் 25, திங்கள்

வரவில்லை. இவர் நாற்காலியை ஜன்னல் பக்கமிருந்து இருட்டு மூலைக்கு நகர்த்திப் போட்டுப் பார்த்தார். பிறகு பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டார். நான் பூண்டு கொடுத்தேன், உரித்துத் தந்தார்.

மார்ச் 26, செவ்வாய்

இனி மறைத்து எழுதுவானேன். செவ்வாய்க்கிழமை கோயிலில் நான் பார்ப்பது பொற்கொடியை. நாலு வருஷமாகப் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஏறி வருவாள். பிராகாரத்தில் உட்கார்ந்து பேசுவோம். வெளியே வரும்போது அவள் ஒரு வாசல், நான் ஒரு வாசல்.

இன்று அவளிடம் பச்சைத் தாவணியைச் சொன்னேன். அது நின்றுபோனதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அந்தப் பிள்ளைய அவருக்குப் பிடிச்சிருக்கு. அது ஒண்ணும் பேசாதுல்ல” என்றாள். பிறகு, “இன்னொரு கண்ணும் போயிட்டா?” என்று கேட்டாள்.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். வீட்டுக்கு வா. குரல் கொடுக்காதே. அடுப்படி நிலைவாசலில் கொஞ்ச நேரம் நின்று அப்பாவைப் பார்த்துவிட்டுப் போய்விடு. குரல் இல்லாமல் வருவது அவருக்கு ஆள் இல்லை.

“நான் ஆள் இல்லாம வரணுமா?”

“உனக்குப் பாக்கணுமா வேண்டாமா?”

 முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்தே உள்ள பழக்கம்.

ஏப்ரல் 6, சனி

வந்தாள்.

காலைப் பலகாரம் முடிந்திருந்தது. இவர் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் சொன்ன இடத்தில் நின்றாள். வெளிர் நீலத்தில் ஒரு கைத்தறிச் சேலை. பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவள் கால் இந்தத் தரையில் இருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இவர் கை நின்றது.

“யாரு?”

 “யாருமில்லையே” என்றேன். நாலு வருஷமாக நான் சொன்ன பொய்க்கெல்லாம் கோயில் துணை இருந்தது. இதற்கு இல்லை.

டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி கண்ணை இடம் வலமாக ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். மூன்றாவது தடவை ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

“ஒண்ணு வந்து நிக்குது.”

“என்ன உடுத்தியிருக்கு?” கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அதுவாகக் கேட்டுவிட்டது.

“தெரியல. ஏதோ வெளிர் கலரு. கலங்கலா இருக்கு. மூஞ்சி இல்ல.”

“போயிரும்.”

“நிக்கட்டும்.”

வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து, “அந்த ஃபேனக் கூட்டி வை” என்றார்.

“உங்களுக்குச் சளி புடிச்சிருக்கே.”

“எனக்கில்ல.”

அடுப்படியிலிருந்து வந்த எனக்குப் புழுக்கமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். கூட்டி வைத்தேன்.

கொடி அழுதாள். சத்தம் வராமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். இவர் என் பெயரைச் சொல்லி, ஆனால் என் பக்கம் திரும்பாமல், பேசினார்.

“கனி, அச்சடிச்ச தாளத் திரும்ப வெள்ளத் தாளாக்க முடியாது, பாத்துக்க. நாலு பேரு முன்னால ஒரு சொல்லச் சொல்லியாச்சுன்னா அதும் அப்படித்தான். தப்பா விழுந்திருச்சுன்னு தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய?”

“ஏன் இப்ப அதச் சொல்றீங்க?”

“சும்மா. வெங்காயம் கண்ணக் கரிக்குது.”

அவள் போனாள். கேட்டின் கொண்டி விழுந்தபிறகு, “போயிருச்சு” என்றார்.

பிப்ரவரியில் நான் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். நிஜ ஆட்களுக்கு முகம் இல்லை, பொய் ஆட்களுக்கு இருக்கிறது என்று என் கையெழுத்தில் இருக்கிறது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பங்குனிப் பொங்கல் கூட்டம். நெருக்கியடித்துப் போய்க் கண்மலர் சாத்தினேன். வேண்டிக்கொள்ள வாயெடுத்தால் எதை வேண்டுவது என்று தெரியவில்லை. கண்ணைக் கொடு என்பதா, இப்படியே இருக்கட்டும் என்பதா. பூசாரி நகரச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 13, சனி

இவர் சவரம் செய்துகொள்வது ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கே முக்குச் சலூனுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வரும்போது காராச்சேவு வாங்கச் சொன்னார். இவர் பல்லுக்கு அது ஆகாது.

போன சனிக்கிழமை அவள் வந்த அதே நேரத்துக்கு, நிலைவாசல் பக்கத்து ஸ்டூலில் ஒரு தட்டில் அதைப் போட்டு வைக்கச் சொன்னார்.

“யாருக்கு?”

“வச்சுட்டுப் போயேன். எல்லாத்துக்கும் ஒரு கேள்வி.”

வந்தாள், நின்றாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். காராச்சேவைச் சத்தம் இல்லாமல் தின்ன யாராலும் முடியாது. வாயை மூடிக்கொண்டு எவ்வளவு மெல்லக் கடித்தாலும் மொறுக்கென்றது. கூடத்தில் வேறு ஒரு சத்தமும் இல்லை.

இவர் மேல்துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். துண்டுக்குப் பின்னால் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

“வீட்ல எலி இருக்குபோல” என்றார்.

“இருக்கும்” என்றேன்.

எனக்கு இது போதும் என்று இருந்தது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இப்படி நடந்தால் போதும். சாகிறவரை வேறொன்றும் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பு. பழம், பூ, கண்ணாடி வைத்துக் கும்பிட்டேன். மாங்காய்ப் பச்சடி. இவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

கோயிலில் கொடி உட்காரவே இல்லை.

“அவருக்குத் தெரியுதும்மா. மொத நாளே தெரிஞ்சிருச்சு.”

“தெரியட்டுமே. வேண்டாங்கலையே.”

“வான்னும் சொல்லலையே. தெரிஞ்சும் தெரியாதமாதிரி இருந்தா அவருக்குச் சொன்ன சொல்லும் நிக்கிது, மகளும் வந்து நிக்கிறா. உனக்கும் சண்டையில்லாமக் கழியுது. எனக்கு என்ன இருக்கு அதுல? நான் ஒரு எலியா வந்துட்டுப் போறேன்.”

“கொஞ்ச நாள் போகட்டும்டி.”

“எத்தன நாள்? அந்த ஓரப் பார்வையும் போற வரைக்குமா?” முந்தானையை விரலில் இறுகச் சுற்றினாள். “என்னக் கொடின்னு கூப்பிடணும்மா அவரு. இல்ல, போடின்னாவது சொல்லணும். இந்தச் சனிக்கிழம வர்றேன். எல்லாரும் வர்றமாதிரி பேரச் சொல்லிக்கிட்டுத்தான் வருவேன். நீ வேண்டாம்னா வரல, இனிமே எப்பவும் வரல.”

வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியில் சட்டி பானையை நகர்த்திவிட்டு அந்தக் கட்டுரையை மறுபடி படித்தேன். பொய்யான பார்வை ஒரு உயிரைப் பிழைக்க வைக்கலாம் என்கிறது. சரிதான், இந்த வீட்டில் இரண்டு உயிர் அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவன் பிழைப்பதைப் பற்றி அவ்வளவு எழுதியவர், பார்க்கப்படுகிறவள் கதியைப் பற்றி எழுதியிருக்கிறாரா என்று தெரியவில்லை. எழுதியிருந்தாலும் அந்தப் பக்கம் என்னிடம் இல்லை.

பழைய சொல்லையே இவர் மறுபடி சொல்லிவிட்டால் எனக்குச் சனிக்கிழமையும் போய்விடும். செவ்வாய்க்கிழமையும் போய்விடும்.

ஏப்ரல் 19, வெள்ளி

விரதம். பசி தெரியவில்லை. கொடிக்குப் போன் செய்து, வா, உன் பெயரை நானே சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 20, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

கேட் சத்தம் கேட்டது. இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிலைவாசல் பக்கம் முகம் வைத்து, தெரியாதவர்போல உட்கார்ந்தார். காராச்சேவுத் தட்டு ஸ்டூலில் இருந்தது. கொடி வாசல் தாண்டி உள்ளே வந்து நின்றாள். கையில் பை. 

நான் இவருக்கு எதிரில் போய் நின்றேன். 

“என்னங்க. கொடி வந்திருக்கா.”

இவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நம்ம பொற்கொடி வந்திருக்கா. நெசமா வந்திருக்கா. போன வாரமும் அவதான், அதுக்கு முந்தின வாரமும் அவதான்.”

சாய்வு நாற்காலியின் கையைப் பிடித்திருந்த இவர் விரல்கள் இறுகின. பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளைவிட்டு, என்னைவிட்டு, பக்கத்துச் சுவரைப் பார்த்து. பதினொரு வருஷத்துக்கு முன்னால், அந்த நாலு பேர் உட்கார்ந்திருந்தபோது திருப்பினாரே, அதேபோல.

கொடி அதைப் பார்த்தாள். “பாத்துக்கிட்டியாம்மா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். எனக்கு அவளைப் பிடித்து நிறுத்தவும் தோன்றவில்லை. நான்தான் கெடுத்தேன், இருந்த சனிக்கிழமையையும் நானே கெடுத்தேன் என்று அப்படியே நின்றேன்.

“எங்க போற?” என்றார் இவர், சுவரைப் பார்த்தபடியே. “திரும்பு. அசையாம நில்லு.”

அவள் நின்றாள்.

“நேராப் பாத்தா நீ இல்லாமப் போயிர்ற. நடுவுல அழிச்ச மாதிரி இருக்கு. இப்படித் திரும்பினாத்தான் ஓரத்துல நிக்கிற.” கழுத்தை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் வளைத்தார். “இந்தாண்ட வா. இன்னும். சன்னல் வெளிச்சத்துல நில்லு.”

கொடி பையை இறக்கி வைத்துவிட்டு அவர் தோள் பக்கமாக வந்தாள். எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் அரை அடி இப்படியும் அரை அடி அப்படியும் நகர்ந்து பார்த்தாள். ஒரு இடத்தில் இவர் கையைத் தூக்கி, போதும் என்று காட்டினார். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் பார்த்திருப்பார். தாடை அசையவில்லை.

“காதோரம் நரைச்சிருக்கே, கொடி” என்றார்.

அவள் கை காதோரத்துக்குப் போனது. “உங்க நரைதான்ப்பா. சீக்கிரமே வந்துருச்சு.”

“அந்தப் பிள்ளைக்கு நரையே இல்ல” என்றார். “வந்த நாள்லருந்து ஒரே மாதிரி நின்னுச்சு.”

 இவர் முகம் சுவர்ப் பக்கமே திரும்பியிருந்தது. அப்படியே வெகுநேரம் அவளைப் பார்த்தார்.